கயிறுகளுக்குள் – 9: நாற்பது பவுண்ட் வித்தியாசம்

1972 நவம்பர் 21. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஸ்டேட்லைன் என்ற ஊர். முகமது அலியை எதிர்த்து ரிங்கில் ஏறிய பாப் ஃபாஸ்டரின் எடை 180 பவுண்ட், அதாவது சுமார் 82 கிலோ. அலி 221 பவுண்ட். உயரத்தில் இருவரும் ஏறக்குறைய சமம். ஆறடி மூன்று அங்குலம்.

ஃபாஸ்டர் சாதாரண ஆள் இல்லை. லைட் ஹெவிவெயிட் உலக சாம்பியன். 1968இல் நைஜீரியாவின் டிக் டைகரை நான்காவது ரவுண்டில் வீழ்த்திப் பட்டம் வென்றவர். கல்லுளிமங்கன் போல நின்று அடிவாங்கும் டைகர், தன் வாழ்நாளில் பத்து எண்ணி முடிக்கும்வரை எழாமல் கிடந்தது அந்த ஒரு தடவைதான்.

அதே கை அலியையும் விடவில்லை. இடது கண்ணருகே தோலைக் கிழித்தது. தொழில்முறைக்கு வந்த பிறகு அலியின் முகம் கிழிந்தது அன்றுதான் முதல் முறை. ஆனால் தோலைக் கிழிக்க முடிந்த குத்தால் ஆளை அசைக்க முடியவில்லை. திரும்பத் திரும்ப விழுந்து எழுந்த ஃபாஸ்டர், எட்டாவது ரவுண்டில் எழவில்லை. இரண்டு வருடம் முன்பு டெட்ராய்ட்டில் ஜோ ஃப்ரேசியரிடம் அவர் தாங்கியது இரண்டு ரவுண்டுகூட இல்லை.

பிறகு ஏன் போனார்? காசு முழுக்க மேலே இருந்தது. லைட் ஹெவிவெயிட்டின் எல்லை 175 பவுண்ட். அன்று அதற்கு ஒரு பவுண்ட் கூடினாலும் ஹெவிவெயிட்; அங்கே உச்சவரம்பே கிடையாது. தன் பிரிவில் எல்லாரையும் அடித்து முடித்தவருக்கு, பெரிய தொகை வேண்டுமென்றால் தன்னைவிட இருபது, நாற்பது பவுண்ட் கனத்தவர்களிடம் போவதைத் தவிர வழியில்லை. அது நியாயமான போட்டி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இந்தப் பள்ளம் ஆரம்பத்தில் இவ்வளவு ஆழமாக இல்லை. சின்சினாட்டியின் எஸ்ஸார்ட் சார்ல்ஸைப் பாருங்கள். ஆர்ச்சி மூரை மூன்று முறை வென்றவர். ஆனாலும் லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத ஒரு வாய்ப்புகூட அவருக்குக் கிடைக்கவில்லை. வேறு வழியின்றி மேலே ஏறினார். 1949இல் ஜெர்சி ஜோ வால்காட்டை வென்று ஹெவிவெயிட் சாம்பியனே ஆனார். அடுத்த வருடம் 184 பவுண்ட் எடையில், 218 பவுண்ட் ஜோ லூயிஸைப் பதினைந்து ரவுண்டும் ஆடி வென்றார். லூயிஸுக்கு அப்போது 36 வயது, ஓய்விலிருந்து திரும்பியவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1954இல் சார்ல்ஸை இரண்டு முறை தோற்கடித்த ராக்கி மார்சியானோவோ 187 பவுண்ட்தான். உலக ஹெவிவெயிட் சாம்பியனே அவ்வளவு எடை இருந்த காலத்தில், 185 பவுண்ட் ஆள் யாருக்கும் சின்னவராகத் தெரியவில்லை.

எட்டே வருடத்தில் நிலைமை மாறியது. 1962இல் சிகாகோவில் 189 பவுண்ட் ஃபிளாய்ட் பேட்டர்சன் முன்னால் வந்து நின்ற சோனி லிஸ்டன் 214 பவுண்ட். முதல் ரவுண்டிலேயே முடிந்துவிட்டது. ஒலிம்பிக்கில் மிடில்வெயிட்டாகத் தங்கம் வாங்கியவர் பேட்டர்சன். அந்த உடம்பில் எவ்வளவு சாப்பிட்டாலும் இன்னொரு லிஸ்டனை உண்டாக்க முடியாது.

நடுவே ஒரு பிரிவு வேண்டும் என்பதை உலக குத்துச்சண்டை கவுன்சில் செயலில் காட்டியது 1979 டிசம்பரில். 190 பவுண்ட் வரம்புடன் குரூசர்வெயிட் பிறந்தது. யூகோஸ்லாவியாவின் ஸ்ப்ளிட் நகரில் மார்வின் கேமலும் மாட்டே பார்லோவும் மோதிய முதல் பட்டச் சண்டை சமனில் முடிந்தது. அடுத்த மார்ச்சில் கேமல் வென்றார். ஃபாஸ்டர் கடைசியாக ரிங் ஏறியது 1978 ஜூன். ஒன்றரை வருடம் முந்திவிட்டார்.

இவாண்டர் ஹோலிஃபீல்ட் அந்தப் புதுப் பிரிவில் முதிர்ந்து 1990இல் ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்தார். மேலே இருந்தவர்களோ இன்னும் பருத்துக்கொண்டே போனார்கள். 2003இல் வரம்பு 200 பவுண்ட் ஆனது. 2020இல் அதே கவுன்சில் 224 பவுண்ட் வரை பிரிட்ஜர்வெயிட் என்று இன்னொன்றையும் கொண்டுவந்தது. உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் அந்தக் கோட்டுக்குள் அடங்கும் உடம்புக்காரர். ஆனாலும் அங்கே தங்காமல், 2024 மே மாதம் ரியாத்தில் சுமார் 223 பவுண்டுடன் 262 பவுண்ட் டைசன் ஃப்யூரியை எதிர்கொண்டு வென்றார். ஃபாஸ்டருக்கும் அலிக்கும் இருந்த வித்தியாசமும் கிட்டத்தட்ட அதேதான். உசிக் எப்படிச் சமாளித்தார் என்பதை, அவருடைய கால் அசைவை ரவுண்ட் ரவுண்டாகப் பிரித்து, அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)