பொங்காலை அடுப்பில் வெப்பம்

திருவனந்தபுரத்தில், கிழக்கே கோட்டையை ஒட்டி பழவங்காடி இருக்கிறது. பிள்ளையார் கோயிலுக்குப் பெயர் பெற்ற இடம். எந்நாளும் அங்கே பஸ்ஸும் ஆட்டோவும் ஓடும். மாசி மாதத்தில் ஒரு நாள் மட்டும் தெரு நிறைய அடுப்புகள். அன்று ஆற்றுக்கால் பொங்காலை.

நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் பெண்கள் ரயில் ஏறிப் போவார்கள். மூன்று செங்கல், புது மண்பானை, தென்னை மட்டை. கோயிலில் மூட்டிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி வரும். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியுள்ளது.

பானைக்குள் பாருங்கள். தீ அடியில் எரிகிறது. மேலே உள்ள தண்ணீர் எப்படிச் சுடுகிறது?

அடியில் உள்ள தண்ணீர் முதலில் சூடாகும். சூடான தண்ணீர் விரியும், லேசாகும், மேலே எழும். மேலே இருக்கும் குளிர்ந்த தண்ணீர் கனமானது. அது கீழே இறங்கும். பிறகு அதுவும் சூடாகி மேலே வரும். அரிசியும் கூடவே சுற்றும். இதற்கு வெப்பச் சலனம் என்று பெயர். அடுப்புப் புகை மேலே போவதும் இப்படித்தான்.

சூடான காற்று மேலே போய்விடுகிறது. அப்படியானால் பக்கத்தில் நிற்பவருக்கு ஏன் சுடுகிறது? தீக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு முறத்தைப் பிடித்துப் பாருங்கள். சூடு சட்டென்று குறையும். முறத்தை எடுத்தால் மறுபடி சுடும். விளக்கின் வெளிச்சம் போல வெப்பமும் நேராக வருகிறது. இது வெப்பக் கதிர்வீச்சு. இதற்குக் காற்றுகூட வேண்டியதில்லை. சூரியனின் வெப்பம் சுமார் 15 கோடி கிலோமீட்டர் வெற்றுவெளியைக் கடந்து இப்படித்தான் நம்மிடம் வருகிறது.

இதைக் காட்டுவதற்குக் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் ஓர் உலோகப் பெட்டி உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் லெஸ்லி இத்தகைய பெட்டியை வைத்து ஆராய்ந்து, 1804-இல் நூல் வெளியிட்டார். பெட்டியின் ஒரு பக்கம் கறுப்பு. இன்னொரு பக்கம் பளபளப்பு. உள்ளே வெந்நீர். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தண்ணீர்தான். ஆனாலும் கறுப்புப் பக்கத்துக்கு எதிரே வைத்த வெப்பமானி அதிகம் ஏறும். பளபளப்புக்கு எதிரே குறைவாகவே ஏறும். கறுப்பு வெப்பத்தை நன்றாக வெளியே விடும். நன்றாக வாங்கவும் செய்யும்.

பழவங்காடியில் நிற்பவருக்குத் தலைக்கு மேல் வெயில். முன்னும் பின்னும் அடுப்பு வரிசை. வெளிர் நிறப் பருத்திச் சேலைதான் நல்லது. நைலான் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பானைக்கு மேல் குனியாதீர்கள். அங்கே சூடான காற்றும் ஆவியும் முகத்தில் அடிக்கும்.

பொங்கி முடிந்து தீ அணைந்த பிறகும் செங்கல் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. தொடாமல், சற்றுத் தள்ளிக் கையை நீட்டினால் தெரியும். சிறு பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.