மதிப்பெண்ணுக்கு அப்பால் மாணவர்: உச்ச நீதிமன்றம் சொன்னதும் பிகார் காட்டியதும்

புதுதில்லி: நாட்டில் 2023-ஆம் ஆண்டில் தற்கொலையால் உயிரிழந்த மாணவர்கள் 13,892 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். இது காவல் நிலையங்களில் பதிவான மரணங்களின் கணக்கு மட்டுமே. தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டு, அதை வீட்டாரிடமும் ஆசிரியரிடமும் மறைத்து வாழும் சிறார்கள் இக்கணக்கில் வருவதில்லை. மனத்துயரைத் தாங்கும் வழியறியாமல் நிகழும் அச்செயலுக்குப் பின்னால் சாகும் எண்ணம் இல்லாமலும் இருக்கலாம். ஆனால், பிற்காலத் தற்கொலை முயற்சிக்கான ஆபத்தை அது கூட்டுகிறது என்பது மனநல மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மை.

விசாகப்பட்டினத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குத் தயாராகி வந்த 17 வயது மாணவி ஒருவர் 2023-இல் மரணமடைந்தார். அந்த வழக்கில் நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோரைக் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2025 ஜூலை 25 அன்று தீர்ப்பளித்தது. விசாரணையை சிபிஐ வசம் ஒப்படைத்த நீதிபதிகள், நாடு முழுவதற்குமாக 15 வழிகாட்டு நெறிகளையும் வகுத்தனர். உரிய சட்டம் இயற்றப்படும் வரை இவை கல்வி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைத் தனித்தனி வகுப்புகளாகப் பிரிப்பதையும், பலர் முன்னிலையில் அவமதிப்பதையும் பயிற்சி மையங்கள் தவிர்க்க வேண்டும். ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும் என்பன அவற்றுள் சில.

அதிகம் பேசப்படாத நெறி ஒன்றும் அவற்றில் உண்டு. விளையாட்டுக்கும் கலைகளுக்கும் ஆளுமை வளர்ச்சிக்கும் கல்வி நிறுவனங்கள் முக்கியத்துவம் தர வேண்டும். மதிப்பெண்ணையும் தரவரிசையையும் தாண்டித் தன்னை அடையாளம் காண மாணவருக்கு உதவும் வகையில் தேர்வு முறைகளை அவ்வப்போது மறுஆய்வு செய்ய வேண்டும் என்கிறது அது. ஆபத்து நேர்ந்தபின் தடுப்பது ஒன்று. ஆபத்தை நாடாத மனத்தை வளர்ப்பது மற்றொன்று. கடினமானது இரண்டாவதுதான்.

நாளந்தா அனுபவம்

அது நடைமுறையில் சாத்தியமா என்ற கேள்விக்கு விடை தருகிறது பிகார். அங்குள்ள நாளந்தா மாவட்டத்தின் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘சங்கத்’ என்ற தொண்டு நிறுவனம், ‘சேஹர்’ என்ற பெயரில் ஓர் ஆய்வை நடத்தியது. பள்ளியின் சூழலையே மாற்றுவது அதன் நோக்கம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் விழிப்புணர்வு, குறைகளை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவர் இதழ், மாணவர் குழுக்கள், தேவைப்படுவோருக்குத் தனி ஆலோசனை என்று பணிகள் பிரிக்கப்பட்டன. சில பள்ளிகளில் இப்பணிக்கென்றே பயிற்சி பெற்ற சாமானியர் ஒருவர் ‘மித்ரா’, அதாவது நண்பர் என்ற பெயரில் அமர்த்தப்பட்டார். வேறு சில பள்ளிகளில் அதே பணி ஆசிரியரிடம் தரப்பட்டது.

2018-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. தனி நபர் அமர்த்தப்பட்ட பள்ளிகளில் மனச்சோர்வும், சக மாணவரைத் துன்புறுத்துவதும், வன்முறையும் குறைந்தன; ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இந்த ஆய்வு தற்கொலையை அளவிடவில்லை. ஆனால், ஐரோப்பாவில் 10 நாடுகளைச் சேர்ந்த 11,110 மாணவர்களிடம் நடத்தப்பட்டு, 2015-இல் அதே இதழில் வெளியான ஆய்வு அதையும் அளவிட்டது. ஆபத்தில் உள்ளவரைக் கண்டறிய ஆசிரியர்களைப் பழக்கிய முறை அங்கு போதிய பலன் தரவில்லை. மனத்துயரைக் கையாள மாணவர்களையே பழக்கிய முறையில் ஓராண்டில் தற்கொலை முயற்சிகள் கணிசமாகக் குறைந்தன.

யார் பொறுப்பு?

மத்திய அரசு 2020 பிப்ரவரியில் தொடங்கிய பள்ளி நலத் திட்டம், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை ‘நலத் தூதர்’களாக நியமிக்கிறது. பாடம், தேர்தல் பணி, கணக்கெடுப்பு எனப் பல சுமைகளுக்கிடையே இதையும் ஆசிரியர் சுமக்க வேண்டியுள்ளது. நாளந்தாவில் பலன் தராதது இந்த வழிதான்.

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நிலையில், ஆலோசகர்களுக்கு எங்கே போவது என்று மாநில அரசுகள் கேட்கலாம். பிகாரின் ‘மித்ரா’க்கள் நிபுணர்கள் அல்லர் என்பதே அதற்குப் பதில். பயிற்சியும் மேற்பார்வையும் ஊதியமும் இருந்தால் சாமானியரும் இப்பணியைச் செய்ய முடியும். சிக்கல் முற்றியவர்களை மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடு உடன் இருந்தால் போதும்.

தேர்வு முறையை மறுஆய்வு செய்வதற்குத் தமிழகத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிளஸ் 2 தேர்வில் தவறியவர்கள் அடுத்த ஆண்டு வரை காத்திராமல் உடனடித் துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேர முடிகிறது. தோல்வி முடிவல்ல என்று அறிவுரை சொல்வதோடு நில்லாமல், அதை அரசாணையாகவே மாற்றிய ஏற்பாடு இது.

தற்கொலை மரணங்களை 2030-க்குள் 10 சதவீதம் குறைப்பதாக 2022-இல் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி இலக்கு வைத்தது. அதே ஆண்டில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416, நாள் முழுவதும் கட்டணமின்றி இயங்குகிறது. துயருறும் மாணவரும் பெற்றோரும் அதைத் தயங்காமல் அழைக்கலாம். ஆனால், அந்த எண்ணை அழைக்கும் நிலைக்கு வருமுன்பே, பள்ளிக்குள் தன் பேச்சைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று மாணவர் உணர வேண்டும். அந்த ஒருவருக்கான ஊதியத்தை எந்த அரசு தன் நிதிநிலை அறிக்கையில் ஒதுக்குகிறது என்பதே இனிக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.