நடவுக்கு நாள்கூலியா, காண்ட்ராக்டா?

உத்திரமேரூர் வட்டாரத்து ஏரிப்பாசன நிலங்களில் நடவு தொடங்கும்போதே ஆள் தட்டுப்பாடும் தொடங்கிவிடுகிறது. ஆட்களை நாள்கூலிக்கு அமர்த்துவதா, ஏக்கருக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் காண்ட்ராக்ட் விடுவதா என்பது சிறு விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி.

நாள்கூலியில் வேலை இழுத்தால் நஷ்டம் நிலத்துக்காரருக்கு. காண்ட்ராக்டில் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அவசரத்தில் குத்துகள் விலகிப்போகும். அந்த நஷ்டம் அறுவடையில்தான் தெரியும்.

எனவே காண்ட்ராக்ட் விடுவோர் பரப்பை மட்டும் பேசாமல், குத்து எண்ணிக்கையையும் பேசி முடிக்க வேண்டும். குறுகிய கால ரகங்களுக்கு 15க்கு 10 செ.மீ. இடைவெளியில் சதுர மீட்டருக்கு 66 குத்துகள். மத்திய கால ரகங்களுக்கு 20க்கு 10 செ.மீ. இடைவெளியில் 50 குத்துகள் தேவை. குத்துக்கு 2 அல்லது 3 நாற்றுகளை 3 செ.மீ. ஆழத்தில் நடுவது நல்லது. 66 இருக்க வேண்டிய இடத்தில் 50 இருந்தால், நாலில் ஒரு பங்கு குத்து போயிற்று. குறுகிய கால ரகம் தூர் கட்டி அதை முழுதும் ஈடுசெய்யாது.

ஒரு மீட்டர் குச்சிகள் நான்கைச் சதுரமாகக் கட்டி, வயலில் ஐந்து இடங்களில் போட்டு எண்ணிப் பாருங்கள். முதல் வயல் நட்டு முடிந்ததுமே எண்ணினால், அடுத்ததைச் சரியாக நடச் சொல்லலாம்.

எண்ணிக்கை கேட்பவர், அதற்கேற்ற கூலியும் கொடுக்க வேண்டும். நெருக்கி நட்டால் நேரம் கூடும். சரியாக நட்ட பிறகும், நடவுப் பெண் ஒவ்வொருவருக்கும் ஊர் நாள்கூலிக்குக் குறையாமல் கிடைக்கிறதா என்று கணக்கிட்டு ஏக்கர் தொகையைப் பேசுங்கள். தொகையை அடித்துப் பேசினால் குத்துதான் குறையும். நம் வீட்டுப் பெண்களும் பிறர் வயலில் நடப் போகிறவர்களே.

'காண்ட்ராக்ட் விட்டாயிற்று, இனி நமக்குப் பொறுப்பில்லை' என்று எண்ணுவதும் தவறு. சௌராஷ்டிரத்தில் உப்பளத் தொழிலாளர் மணங்குக்கு இவ்வளவு என்று கூலி பெற்றனர். துணைக்குத் தாங்களே ஆள் வைத்துக்கொண்டனர். ஆயினும் வேலையைக் கம்பெனியே மேற்பார்த்து நடத்தியதால், அவர்கள் காண்ட்ராக்டர்கள் அல்ல, தொழிலாளரே என்று 1956-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரைவிட வேலையை நடத்துபவர் யார் என்பதே முக்கியம்.

ஆகவே பரப்பு, இடைவெளி, தொகை, விபத்து நேர்ந்தால் சிகிச்சைச் செலவு ஆகிய நான்கையும் நாற்று பறிக்கும் முன்பே மேஸ்திரியுடன் பேசி, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரப்பில் நின்று சச்சரவு செய்யும் வேலை மிச்சமாகும்.