ஆபிரகாம் ஏரி: ஐஸுக்குள் வெள்ளைக் குமிழ்கள் வந்தது எப்படி? படம் எடுக்கப் போகும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

இன்ஸ்டாகிராமில் இந்தப் படத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பீங்க. கண்ணாடி மாதிரி நீல நிற ஐஸ். அதற்குள் இட்லியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல வெள்ளை வட்டங்கள். பின்னால் பனி மூடிய மலை, உச்சியில் மட்டும் காலை வெயில். 'இது ஏஐ-யில செஞ்சது' என்று கமென்ட்டில் யாராவது சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இல்லை, நிஜம்தான். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது அந்த ஆபிரகாம் ஏரி. குளிர்காலத்தில் இதைப் படம் எடுக்கவே பல நாடுகளில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். விஷயம் என்னவென்றால், இந்த ஏரிக்குள் குமிழ்களைக் காட்டும் அதே சூழல்தான் அதன் மேல் நடப்பதையும் ஆபத்தாக்குகிறது. அது தெரியாமல் கேமராவோடு இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

(ஒரு சின்ன குறிப்பு: தமிழில் காலைப் பனித்துளியும் பனி, மலை மேல் கொட்டுவதும் பனி. குழப்பம் வேண்டாம் என்பதால், இந்தக் கட்டுரையில் வானத்தில் இருந்து விழுவது 'பனி', ஏரி உறைந்து ஆனது 'ஐஸ்'.)

குமிழ்களுக்குள் இருப்பது என்ன?

மீத்தேன் வாயு. ஏரியின் அடியில் கிடக்கும் இலை, புல், மரத்துண்டுகளை ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிரிகள் மட்கச் செய்யும்போது மீத்தேன் உருவாகிறது. நம்ம ஊர் சாண எரிவாயுக் கலத்தில் நடப்பதும் இதேதான். வெயில் காலத்தில் குமிழ்கள் மேலே வந்து உடைந்து காற்றில் கலந்துவிடும், யாரும் கவனிப்பதில்லை. குளிர்காலத்தில் மேலே ஐஸ் மூடி இருப்பதால், வந்த குமிழ் அதன் அடியில் தட்டையாக ஒட்டிக்கொள்கிறது. ஐஸ் கீழ்நோக்கித் தடித்துக்கொண்டே போவதால் அந்தக் குமிழ் உள்ளே சிறைப்படும். அடுத்த குமிழ் அதற்கும் கீழே. அந்த அடுக்கு வந்தது இப்படித்தான்.

மீத்தேன் தீப்பிடிக்கும் வாயு. ஐஸில் ஓட்டை போட்டு லைட்டரைக் காட்டி ரீல்ஸ் எடுக்கும் ஆசையை தயவுசெய்து விட்டுவிடுங்கள். அலாஸ்காவில் கேட்டி வால்டர் ஆந்தனி என்ற விஞ்ஞானி உறைந்த ஏரிகளில் அப்படித் தீ மூட்டிக் காட்டிய வீடியோக்கள் பிரபலம். ஆனால் மீத்தேனையே பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர் அவர்.

இதுபோன்ற குமிழ்கள் பான்ஃப் பக்கம் உள்ள மின்னவான்கா, வெர்மிலியன் ஏரிகளிலும் உண்டு. ஆனால் எந்த ஏரியிலும் ஐஸ் மேல் பனி விழுந்து மூடிவிட்டால் எதுவும் தெரியாது. ஆபிரகாம் ஏரி இருக்கும் பள்ளத்தாக்கில் காற்று சும்மா அடிப்பதில்லை, ஆளையே தள்ளும். அந்தக் காற்று பனியைத் துடைத்து எடுத்துவிடுவதால் ஐஸ் பளிங்கு மாதிரி தெரிகிறது. அங்கே போனவர்கள் திட்டுவதும் இந்தக் காற்றைத்தான், படம் கிடைப்பதும் இந்தக் காற்றால்தான்.

அப்புறம் ஆபத்து எங்கே?

இது இயற்கையான ஏரி இல்லை. வடக்கு சஸ்காச்சவான் ஆற்றின் குறுக்கே 1972-ல் பிக்ஹார்ன் அணை கட்டியபோது உருவான நீர்த்தேக்கம். நீளம் சுமார் 32 கிலோமீட்டர். ஸ்டோனி நகோடா பழங்குடியினர் வாழ்ந்த, வேட்டையாடிய, தங்கள் முன்னோரைப் புதைத்த நிலம் இந்தத் தண்ணீருக்குள் போனது. ஏரிக்கு வைத்த பெயரும் அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த சைலஸ் ஆபிரகாம் என்பவருடையது. அழகான படத்துக்கு கேப்ஷன் எழுதுகிறவர்கள் இதை அநேகமாகச் சொல்வதில்லை.

அணை என்பதால் நீர்மட்டம் ஒரே அளவில் நிற்பதில்லை. குளிர்காலத்தில் மலையெல்லாம் உறைந்து கிடப்பதால் ஏரிக்குள் வரும் தண்ணீர் குறைவு. மின் உற்பத்திக்குத் திறந்துவிடுவதோ தொடர்ந்து நடக்கும். நடுவில் மிதக்கும் ஐஸ் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐஸ் இறங்க முடியாமல் விரிசல் விட்டுச் சரியும், சில இடங்களில் அடியில் தண்ணீரே இல்லாமல் பொந்தாக நிற்கும். அதாவது, நீங்கள் முதல் அடி வைக்கும் கரையோரம்தான் பல நேரம் மிகவும் பலவீனமான இடம்.

கனடாவில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு: ஒருவர் நடக்கக் குறைந்தது 15 செ.மீ. தடிமன் வேண்டும். அதுவும் தெளிந்த, நீல நிற ஐஸுக்கு. பனி கலந்து வெள்ளையாக உறைந்த ஐஸின் பலம் அதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் இந்தக் கணக்கு, அடியில் தண்ணீர் தாங்கி நிற்கும் ஐஸுக்கானது. பொந்துக்கு மேல் நிற்கும் ஐஸுக்கு இதை நம்ப முடியாது. 'நேத்து நாலு பேர் நடந்தாங்களே' என்பதும் கணக்கில் வராது, இரவோடு இரவாக நீர்மட்டம் மாறியிருக்கலாம். பிரீச்சர்ஸ் பாயின்ட் போல வழக்கமாக ஆட்கள் இறங்கும் இடத்தில், அந்தப் பக்கத்து வழிகாட்டி ஒருவரோடு போவதுதான் என்னைக் கேட்டால் சரி.

தப்பித்தவறி உள்ளே விழுந்தால்? மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய '1-10-1' என்ற கணக்கு இருக்கிறது. மூச்சிரைப்பை அடக்க 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். எனவே முதலில் பதறாமல் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். பிறகு வந்த திசைக்கே திரும்புங்கள். ஏனெனில் அந்தப் பக்க ஐஸ் உங்களை அதுவரை தாங்கியிருக்கிறது. காலை நீச்சல் அடிப்பதுபோல உதைத்து உடம்பை ஐஸ் மேல் ஏற்றி, எழுந்து நிற்காமல் உருண்டே தள்ளிப் போங்கள். கேமரா? அதை அங்கேயே விடுங்க.

சரி, படத்துக்கு வருவோம்

கேமராவும் மொபைலும் எந்தக் காட்சியையும் நடுத்தர சாம்பல் வெளிச்சமாக நினைத்தே அளக்கப் பழக்கப்பட்டவை. ஃபிரேம் முழுக்க வெள்ளைப் பனி வந்தால், 'ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி' என்று நினைத்துக் குறைத்துவிடும். பனி அழுக்கு வேட்டி மாதிரி வருவது அதனால்தான். இப்போதைய மொபைல்கள் காட்சியைப் புரிந்துகொண்டு ஓரளவு சரிசெய்கின்றன என்றாலும் முழுதாக நம்ப வேண்டாம். திரையைத் தொட்டால் வரும் சூரியன் ஐகானை மேலே தள்ளுங்கள். கேமரா என்றால் எக்ஸ்போஷரை 1 முதல் 1.5 ஸ்டாப் வரை கூட்டுங்கள். பனியின் சொரசொரப்பு மறைந்து வெறும் வெள்ளைப் பேப்பர் ஆகிவிட்டால் கூட்டியது அதிகம் என்று அர்த்தம்.

நிழலில் இருக்கும் பனி நீலமாகத் தெரியும், அது தப்பு இல்லை. நேர் வெயில் படாத இடத்துக்கு வானத்தின் நீல வெளிச்சம்தான் கிடைக்கிறது. எடிட்டிங்கில் அதை முழுக்க வெள்ளையாக்கினால் குளிரே இல்லாத படமாகிவிடும்.

குமிழ்களுக்கு மொபைலின் அல்ட்ராவைட் லென்ஸ் நல்லது. மண்டியிட்டு, ஐஸில் இருந்து ஓர் அடி உயரத்துக்கு இறக்கி எடுத்தால் முன்னால் குமிழ் பெரிதாகவும் பின்னால் மலையும் வரும். ஐஸில் வானம் பிரதிபலித்து உள்ளே தெரியவில்லையா? கேமராவுக்கு போலரைசர் ஃபில்டர். மொபைல்காரர்கள் போலரைஸ்டு கூலிங் கிளாஸை லென்ஸ் முன் பிடித்து மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள், ஒரு கோணத்தில் பிரதிபலிப்பு நன்றாகக் குறையும். அழகாகப் பிடிக்க முடியாது, ஆனால் வேலை செய்யும்.

அதிகாலை மூன்று மணிக்கு எழ வேண்டியதில்லை என்பது இங்கே ஒரு சந்தோஷம். டிசம்பர் கடைசியில் சூரியன் உதிக்கவே எட்டரை தாண்டிவிடும். நண்பகலில்கூட 15 டிகிரி உயரத்தைத் தொடாது, அதனால் சாய்ந்த வெளிச்சமும் நீண்ட நிழலும் பகல் முழுக்கக் கிடைக்கும். குமிழ்களுக்கு டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை நல்ல காலம். வழுக்காமல் நடக்க ஷூவின் அடியில் மாட்டும் இரும்பு முள் கட்டாயம் வேண்டும். வெறும் ஷூவோடு நின்றால் காற்றே உங்களைத் தள்ளிக்கொண்டு போகும்.

பேட்டரி 60 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே மொபைல் ஆஃப் ஆகலாம். குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடுகிறது. ஐஃபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தத்தான் ஆப்பிளே சொல்கிறது. அங்கே மைனஸ் 20 சாதாரணம். படம் எடுக்காத நேரத்தில் மொபைலும் கூடுதல் பேட்டரியும் ஜாக்கெட்டுக்கு உள்ளே, உடம்புச் சூட்டில் இருக்கட்டும். ஆஃப் ஆனதும் பதறாதீங்க, சூடானதும் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும்.

எல்லாம் முடிந்து காருக்குள் ஏறும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சில்லென்று இருக்கும் கேமராவை ஹீட்டர் போட்ட காருக்குள் கொண்டுபோனால், ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பதுபோல லென்ஸ் உள்ளேயும் வெளியேயும் ஈரம் படியும். காரில் ஏறும் முன்பே, வெளியிலேயே கேமராவை ஜிப்லாக் கவரில் போட்டு மூடிவிடுங்கள். படங்களை உடனே பார்க்க ஆசை இருந்தால் மெமரி கார்டை முதலிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். கவரைத் திறக்க ஒரு மணி நேரமாவது பொறுக்கணும்.