சுவருக்கு ஜலதோஷம்!

பீரோவைத் திறக்கிறீர்கள். போன மாதம் கறுப்பாகத் தொங்கவிட்ட பெல்ட் இப்போது பச்சையாகத் தொங்குகிறது. இன்டர்வியூவுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த ஷூவில் பஞ்சு மாதிரி ஏதோ முளைத்திருக்கிறது. சர்டிஃபிகேட் ஃபைலை முகர்ந்தால் கருவாட்டுக் கூடைக்கு ஒன்றுவிட்ட தம்பி வாசனை. கட்டிலை ஒட்டிய சுவரில் இந்தியா மேப் போல ஒரு கறை. போன ஐப்பசியில் அது இலங்கை சைஸில்தான் இருந்தது!

இதற்கு ஓதம் என்று பெயர். பாட்டி காலத்து வார்த்தை. சென்னையின் வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுவதால், சுவர்களுக்கு ஜலதோஷம் பிடிக்கும் சீசனும் அதுதான்.

ஹவுஸ் ஓனரிடம் போய்ச் சொன்னால், "ஜன்னலையே திறக்காம உள்ளயே துணியைக் காயப்போட்டா சுவர் என்ன தம்பி பண்ணும்?" என்பார். "இல்ல சார், உங்க சுவர்தான் ஒழுகுது" என்பீர்கள். நாலு மாதம் இப்படியே போகும். காலி பண்ணுகிற அன்றைக்கு அட்வான்ஸில் 'பெயின்டிங் சார்ஜ்' என்று ஒரு தொகை கழிந்திருக்கும். வாசனையை விடுங்கள், விஷயம் இப்போது பர்ஸுக்கு வந்துவிட்டது.

தண்ணீர் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் பெயின்ட் அடிப்பது, ஜுரம் வந்தவனுக்குப் புதுச் சட்டை போட்டுவிடுகிற மாதிரி. கண்டுபிடிக்க இன்ஜினீயர் வேண்டாம். பிரியாணி பொட்டலம் கட்டுகிற அலுமினிய ஃபாயில் போதும்.

கறை உள்ள இடத்தைத் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, ஒரு அடிக்கு ஒரு அடி ஃபாயிலை வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். செலோ டேப் ஈரச் சுவரில் நிற்காது, பார்சல் ஒட்டும் பிரவுன் டேப் தேவலை. இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால், காற்றிலிருக்கும் ஈரம் சில்லென்ற சுவரில் படிகிறது. ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதே சமாசாரம். இரண்டு பக்கமும் காய்ந்திருந்து, சுவரில் பூஞ்சை மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தால் சுவர் நிரபராதி, அறைக் காற்றில்தான் வம்பு. ஆனால் மழை பெய்கிற வாரத்தில் செய்ய வேண்டும். மே மாதத்தில் செய்தால் எல்லாச் சுவரும் நிரபராதிதான்!

சுவர்தான் குற்றவாளி என்று தெரிந்தால், கறை இருக்கும் இடமே மீதியைச் சொல்லிவிடும்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை, வெள்ளையாய் உப்புப் பூத்து, பெயின்ட் பொருக்குத் தட்டி உதிர்ந்தால், அது பூமியிலிருந்து ஏறுகிற ஈரம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல் தண்ணீரை இழுக்கும். இதைத் தடுக்கத்தான் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரம் தாண்டாத பட்டை ஒன்றைப் போடுகிறார்கள். சில பழைய வீடுகளில் அது கிடையாது. இருக்கிற வீடுகளிலும், பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் ஊற்றி ஊற்றித் தெரு உயர்ந்துவிட்டால், வாசலில் மண்ணையும் கான்கிரீட்டையும் கொட்டி மேடாக்குகிறார்கள். ஈரம் பட்டையைச் சுற்றிக்கொண்டு ஜம்மென்று உள்ளே வந்துவிடும். இந்த மாதிரிச் சுவரில் அசிங்கம் தெரியாமல் டைல்ஸ் ஒட்டுவது பெரிய தப்பு. வெளியேற வழியில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே போய் எட்டிப்பார்க்கும். சுவரை ஒட்டிய மண்ணை வெட்டித் தாழ்த்தி, தண்ணீர் வெளிப்பக்கம் ஓட வழி செய்வதுதான் முதல் வைத்தியம்.

கறை கூரையில் இருந்தால் மொட்டை மாடிக்குப் போங்கள். நம் ஊர் மாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதிப்பது வழக்கம். ஓடுகளுக்கு நடுவே பூச்சு விட்டிருந்தால் மழை அதன் வழியே இறங்கும். அதைவிடச் சாதாரணக் காரணம் ஒன்று உண்டு. மழைநீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலையும், எதிர் வீட்டுப் பையனின் டென்னிஸ் பந்தும் அடைத்துக்கொண்டு, மாடியே தெப்பக்குளமாக நிற்கும். செலவில்லாத ரிப்பேர், கையை விட்டு எடுத்தால் முடிந்தது!

மழையே இல்லாத நாளிலும் கூரைக் கறை வளர்கிறதா? சந்தேகமே வேண்டாம், மாடி வீட்டு பாத்ரூம். அந்த பாத்ரூமின் தரைத் துவாரத்தை அடைத்து, கொஞ்சம் சாயம் கலந்த தண்ணீரை ஒரு நாள் தேக்கி வைத்தால், கீழே இறங்கும் நிறமே சாட்சி சொல்லும். மாடி வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

இதைச் சும்மா விடக்கூடாது. ஈரம் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கூரையில் பழுப்புக் கறையோடு நீளக் கோடாக விரிசல் தெரிந்தால், கட்டிலை அங்கிருந்து நகர்த்திவிட்டு அப்புறம் ஓனருக்குப் போன் பண்ணுங்கள்.

சரி, ஃபாயில் சுவரை விடுதலை செய்துவிட்டது. அப்படியானால் குற்றவாளி... நாம்தான்!

வரவு செலவுக் கணக்கு போட்டுப் பார்ப்போம். சமையல் காஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வீட்டுக்குள் வந்திருக்கும். அதாவது ஒரு கேன் வாட்டர். குழம்பு கொதித்த கணக்கு தனி. ஓர் அறையில் மூன்று பேர் படுத்தால், மூச்சிலும் வியர்வையிலும் ஒரே ராத்திரியில் முக்கால் லிட்டர் போல வரவு. கையால் பிழிந்து கொடியில் போட்ட ஒரு பக்கெட் துணியில் லிட்டர் கணக்கில் தண்ணீர் இருக்கும். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கொடியை நினைத்துப் பாருங்கள். தலையில் ஜட்டி இடிக்காமல் நடப்பதே ஒரு கலை.

வரவு இவ்வளவு. செலவு? ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும்தான். சீலிங் ஃபேனைச் செலவில் எழுதக்கூடாது. துணி சீக்கிரம் காயும், வாஸ்தவம். ஆனால் ஈரத்தை வெளியேற்றாது. பணத்தை வலது பாக்கெட்டிலிருந்து இடது பாக்கெட்டுக்கு மாற்றுகிற ஆசாமி அது.

ஜன்னலை எப்போது திறப்பது? குளிர் நாடுகளில் ஹீட்டர் போட்டுச் சுவரைச் சூடாக்கச் சொல்வார்கள். நமக்குச் சரிப்படாது. மழைக்காலத்து விடியற்காலையில் வெளிக் காற்றும் சொதசொதவென்றுதான் இருக்கும். மழை விட்ட நாளில் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரைதான் காற்று கொஞ்சம் உலர்வது. அந்த நேரத்தில் நாம் ஆபீஸில் இருப்போம்! கம்பி போட்ட ஜன்னலாக இருந்து சாரலும் அடிக்காது என்றால், ஒரு கதவையாவது திறந்து வைத்துவிட்டுப் போகலாம். குளித்த பிறகு பாத்ரூம் கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைக் கால் மணி ஓடவிடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி வையுங்கள், பின்னால் காற்றுப் போகட்டும். பீரோவுக்குள் கற்பூரமும் அந்துருண்டையும் போட்டால் வாசனை வரும், பூச்சி வராது. ஈரம் போகாது. கால்சியம் குளோரைடு டப்பா கடைகளில் கிடைக்கிறது. பீரோவுக்குப் போதும். அதை நம்பி அறையைக் காய வைக்க முடியாது.

ஏ.சி. வாசிகளுக்கு ஒரு வார்த்தை. 30 டிகிரிக் காற்று ஒரு கனமீட்டரில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான் தாங்கும், மீதி எங்காவது படிய வேண்டும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவிகித ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் வியர்த்துவிடும். நீங்கள் ராத்திரி முழுக்க 18-ல் வைத்துத் தூங்கினால், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவரின் சுவர் நனையும். பாவம், அவருக்குக் காரணமே தெரியாது. 24-ல் வைத்தால் கரன்ட் பில்லும் குறையும். ஏ.சி.யின் தண்ணீர்க் குழாயையும் பாருங்கள். மழைக்காலத்தில் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் வடிப்பது அது. முனை சுவரோடு ஒட்டியிருந்தால் சுவரைக் குளிப்பாட்டிக்கொண்டே இருக்கும்.

பூஞ்சை வெறும் அழுக்கு இல்லை. ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமா, இருமல், மூச்சிரைப்புத் தொல்லைகள் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தனி அறிக்கை வெளியிட்டது. காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல், ஆபீஸ் போனதும் நின்றுவிடுகிறது என்றால் சுவரைச் சந்தேகப்படலாம். மூக்கைக் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்து உலர்த்துங்கள். காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டினால் அறை முழுக்கப் பறக்கும். வேகமாகப் போகட்டுமே என்று பிளீச்சிங் பவுடரையும் டாய்லெட் ஆசிட்டையும் கலந்துவிடாதீர்கள். குளோரின் கிளம்பும், விஷ வாயு! ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையை ரூம்மேட்டிடம் தள்ளிவிடலாம், நியாயமான சாக்குதான்.

இன்னொன்று, இதில் ஜோக் கிடையாது. ஸ்விட்ச் போர்டைச் சுற்றிச் சுவர் நனைந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மெயின் பலகையே நனைந்திருந்தால் அதிலும் கை வைக்காமல் மின்வாரியத்துக்குப் போன் பண்ணுங்கள். மின்சாரம் கசிந்தால் நொடியில் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி வீட்டில் இருக்கிறதா என்று குடிபோகும்போதே கேட்டுவிடுவது உத்தமம்.

கடைசியாக அட்வான்ஸ் விவகாரம். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கட்டடத்தின் அடிப்படை ரிப்பேர், வெள்ளையடிப்பது, குழாய்கள் மாற்றுவது எல்லாம் ஓனர் பொறுப்பு. குடியிருப்பவர் கெடுத்தது மட்டும் அவர் தலையில். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். குடிபோகிற அன்றைக்கே சுவர்களைப் போட்டோ எடுங்கள். கறை வந்தால் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஃபாயில் பிரித்த அன்று அதையும் ஒரு போட்டோ எடுத்து, மரியாதையாக, "சார், சுவர்ப் பக்கம் நனைஞ்சிருக்கு, பாருங்க" என்று ஓனருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்கள். சண்டை வேண்டாம், தேதி போதும்.

அதற்குப் பதிலாக நவம்பர் மாதம் பெயின்டர் ஏணியோடு வந்து நின்றால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஒழுகலை அடைத்துச் சுவர் காய்ந்த பிறகு சித்திரையில் வரச் சொல்லுங்கள்.