மின் இரட்டைத்தட்டு பஸ்கள்: ஓர் ஒப்பீடு

அலகு: நகரப் போக்குவரத்து

மாணவர்களே, "ஒப்பிடுக" என்று வினா வந்தால் பலர் முதலில் ஒன்றைப் பற்றி அரைப்பக்கமும் பின்னர் மற்றையதைப் பற்றி அரைப்பக்கமும் எழுதிவிடுகின்றனர். அது விபரிப்பு, ஒப்பீடு அன்று. ஒரே அளவுகோலை இரண்டின் மீதும் வைத்து, வேறுபாட்டையும் அதற்கான காரணத்தையும் கூறுவதே ஒப்பீடு ஆகும். மின்சாரத்தில் ஓடும் இரட்டைத்தட்டு பஸ்களை உதாரணமாகக் கொண்டு இதனைப் பழகுவோம்.

1. அறிமுகம்

இரட்டைத்தட்டு பஸ் எமக்குப் புதியதன்று. 1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவான பின்னர், இலண்டனில் ஓடிய பழைய இரட்டைத்தட்டு பஸ்கள் பெருந்தொகையாக இங்கு கொண்டுவரப்பட்டன. மின்சார இரட்டைத்தட்டு பஸ்ஸும் புதியதன்று. மேலே கட்டப்பட்ட கம்பியிலிருந்து மின்சாரம் பெற்ற துரொலி பஸ்கள் 1953 முதல் கொழும்பில் ஓடின. 1960களில் அச்சேவை நிறுத்தப்பட்டது. இன்றைய மின் பஸ்ஸுக்குக் கம்பி தேவையில்லை. அது தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பற்றரியில் சுமந்து செல்கிறது. அதன் நன்மைகளும் பிரச்சினைகளும் பெரும்பாலும் இதிலிருந்தே தோன்றுகின்றன.

2. நகருக்கு இரட்டைத்தட்டு ஏன்?

• வீதியில் ஏறக்குறைய அதே இடத்தைப் பிடித்துக்கொண்டு கூடுதலானோரை ஏற்றிச் செல்லும்.
• நகரில் பஸ் அடிக்கடி நின்று புறப்படும். பிரேக் பிடிக்கும்போது மின் மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி, சக்தியின் ஒரு பகுதியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். டீசல் பஸ்ஸில் அச்சக்தி வெப்பமாக வீணாகும்.
• புகைபோக்கி இல்லை, இரைச்சலும் குறைவு.

குறைபாடுகளும் உண்டு. மாடிப்படியில் ஏறி இறங்க நேரமெடுக்கும். தாழ்வான பாலங்களும் மரக்கிளைகளும் தடையாகும். ஒற்றைத்தட்டு மின் பஸ்ஸில் பற்றரியைக் கூரையின் மேல் வைக்கலாம். இரட்டைத்தட்டில் அது கடினம். உயரம் கூடும், பாரம் மேலே சென்று பஸ் கவிழும் ஆபத்தும் கூடும். எனவே பற்றரிகள் பெரும்பாலும் பின்புறத்திலும் தளத்துக்குக் கீழும் வைக்கப்படுகின்றன. இதனால் பெரிய பற்றரி பயணிகளுக்குரிய இடத்தையும் எடையையும் எடுத்துக்கொள்கிறது.

3. இரு நகரங்கள்

இலண்டனில் 2016இல் 98ஆம் இலக்கப் பாதையில் சீனாவின் பி.வை.டி. நிறுவனம் தயாரித்த ஐந்து மின் இரட்டைத்தட்டு பஸ்கள் சேவையில் இறங்கின. மும்பாயில் 1937 முதல் இரட்டைத்தட்டு பஸ்கள் ஓடிவந்தன. அங்கு 2023 பெப்ரவரியில் குளிரூட்டப்பட்ட மின் இரட்டைத்தட்டு பஸ் சேவை ஆரம்பமானது. அதே ஆண்டு செப்டெம்பரில் கடைசிப் பழைய டீசல் இரட்டைத்தட்டு பஸ் விடைபெற்றது. மும்பாயின் புதிய பஸ்ஸைத் தயாரித்த சுவிட்ச் நிறுவனம், எம் வீதிகளில் நன்கு அறிமுகமான அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்தது.

கவனிக்க: வீட்டு மின்பட்டியலில் வரும் 1 அலகு என்பது 1 கிலோவாற்று மணி ஆகும். பற்றரியின் கொள்ளளவும் இதே அலகிலேயே கூறப்படும்.

விடயம் | இலண்டன் (2016) | மும்பாய் (2023)
பற்றரி கொள்ளளவு | 345 அலகு | 231 அலகு
ஒரு மின்னேற்றத்தில் ஓடும் உச்ச தூரம் | 303 கி.மீ. | 250 கி.மீ.
ஆசனங்கள் | 54 (மேலும் 27 பேர் நிற்கலாம்) | 65 வரை
பற்றரி வகை | இலிதியம் இரும்புப் பொசுபேற்று | நிக்கல்–மங்கனீசு–கோபாற்று

(தூரம் தயாரிப்பாளர் அறிவித்த உச்ச அளவாகும்.)

4. அளவுகோல்களைப் பிரயோகித்தல்

(அ) 1 கி.மீ. ஓடத் தேவையான மின்சாரம்
இலண்டன்: 345 ÷ 303 = 1.14 அலகு
மும்பாய்: 231 ÷ 250 = 0.92 அலகு

"ஆகவே மும்பாய் பஸ்ஸே சிறந்தது" என்று உடனே எழுதிவிடக் கூடாது. சோதித்த முறை, வேகம், பாரம், காலநிலை ஆகியன வேறுபடலாம். இலண்டனின் மாரியில் பஸ்ஸின் உட்புறத்தைச் சூடாக்கவும், மும்பாயின் கோடையில் குளிராக்கவும் அதே பற்றரியே மின்சாரம் தரவேண்டும்.

(ஆ) பற்றரி வகை
இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். பல முறை மின்னேற்றினாலும் நீண்ட காலம் உழைக்கும். ஆயின் அதே அளவு மின்சாரத்துக்கு அதன் எடை அதிகம். நிக்கல் வகை எடை குறைந்தது. ஆயினும் வெப்பக் கட்டுப்பாட்டில் கூடிய கவனம் தேவை. மும்பாய் பஸ்ஸின் பற்றரி திரவத்தால் குளிர்விக்கப்படுகிறது.

(இ) பயணிகளின் எண்ணிக்கை
இதுவே மிக முக்கியமான அளவுகோல். இலண்டன் பஸ்ஸில் 81 பேரும் நிறைந்திருந்தால், 1 அலகு மின்சாரம் ஒரு பயணியை 71 கி.மீ. கொண்டு செல்வதற்குச் சமமான வேலையைச் செய்கிறது (81 ÷ 1.14). அதே பஸ்ஸில் 20 பேர் மட்டும் இருந்தால் அது ஏறத்தாழ 17.5 கி.மீ. ஆகக் குறைகிறது. (பாரம் குறைவதால் ஏற்படும் சிறிய சேமிப்பை இங்கு விட்டுவிட்டோம்.) பஸ் அதே பஸ்தான், பயன் நான்கில் ஒன்றாகிவிட்டது. எனவே இரட்டைத்தட்டு பஸ் சனநெரிசல் மிக்க பாதைக்கே உரியது. ஆட்கள் குறைந்த பாதையில் அது வெறும் பாரத்தைச் சுமந்து திரியும்.

தயாரிப்பாளரின் கூற்றுப்படி மும்பாய் பஸ், ஒப்பிடத்தக்க ஒற்றைத்தட்டு பஸ்ஸைவிட 18 சதவீதம் மட்டுமே எடை கூடியது. ஆனால் ஏறத்தாழ இரு மடங்கு பயணிகளை ஏற்றும். இந்த நன்மை கிடைப்பதும் ஆசனங்கள் நிரம்பும்போது மட்டுமே.

(ஈ) மின்னேற்றும் வசதி
இலண்டன் பஸ்ஸுக்கு முழு மின்னேற்றம் 4 மணித்தியாலங்கள் எடுக்கும். 345 ÷ 4 = ஏறக்குறைய 86 கிலோவாற்று. இது 2 கிலோவாற்று மின்கேத்தல்கள் 43ஐ ஒரே நேரத்தில் கொதிக்க வைப்பதற்குச் சமம். 50 பஸ்கள் ஒன்றாக நின்றால் 4,300 கிலோவாற்று தேவை. ஆகவே பஸ்ஸை வாங்குவதுடன் வேலை முடியாது. டிப்போவுக்குத் தனியான மின் இணைப்பும் இரவில் முறைவைத்து மின்னேற்றும் ஒழுங்கும் வேண்டும்.

(உ) சூழல்
வீதியில் புகை இல்லை என்பது உண்மை. ஆனால் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் புகை வேறோர் இடத்தில் எழுகிறது. நீர், காற்று, சூரிய மின்சாரத்தின் பங்கு கூடும்போதே முழுப்பயன் கிடைக்கும்.

5. முடிவு

பெரிய பற்றரி கொண்ட பஸ்ஸே சிறந்த பஸ் என்பது தவறு. இன்று பிரித்தானியாவில் 472 அலகு பற்றரியுடன் 418 கி.மீ. வரை ஓடுவதாக அறிவிக்கப்பட்ட இரட்டைத்தட்டு பஸ்ஸும் உண்டு. கணக்கிட்டால் அதற்கும் கி.மீ. ஒன்றுக்கு 1.13 அலகே வருகிறது. அதாவது தூரம் கூடியது பெரும்பாலும் பற்றரி பெருத்ததாலேயே. எத்தனை பேர், எந்தப் பாதையில், நாளொன்றுக்கு எத்தனை கி.மீ. என்பதை அறிந்த பின்னரே பஸ்ஸைத் தெரிவு செய்ய வேண்டும். தவறான தெரிவுக்கான விலையை இறுதியில் செலுத்துபவர் தரிப்பிடத்தில் காத்து நிற்கும் பயணியே.

பயிற்சி

1. ஒரு நகரப் பாதையின் ஒருவழித் தூரம் 18 கி.மீ. 250 கி.மீ. ஓடக்கூடிய மின் பஸ்ஸில் 20 சதவீத மின்சாரத்தை எப்போதும் மிச்சமாக வைத்திருக்க வேண்டும். மீண்டும் மின்னேற்றாமல் எத்தனை முழுச் சுற்றுகள் போய்வரலாம்?
விடை: பயன்படுத்தத்தக்க தூரம் 200 கி.மீ.; ஒரு சுற்று 36 கி.மீ.; 200 ÷ 36 = 5.56. எனவே 5 சுற்றுகள். (6 என எழுதினால் பஸ் மிச்ச மின்சாரத்தில் கைவைக்கும்.)

2. மின் இரட்டைத்தட்டு பஸ்ஸையும் மின் ஒற்றைத்தட்டு பஸ்ஸையும் நான்கு அளவுகோல்களின் அடிப்படையில் ஒப்பிடுக.
விடைக்குறிப்பு: பயணிகளின் எண்ணிக்கை, பற்றரி வைக்கும் இடம், ஏறி இறங்கும் நேரம், பாதையின் தடைகள். ஒவ்வோர் அளவுகோலின் கீழும் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் "ஆனால்", "அதேவேளை" போன்ற சொற்களால் இணைத்து எழுதுக. இறுதியில் எந்தப் பாதைக்கு எது பொருத்தம் என்ற முடிவையும் தவறாது கூறுக.