வாசல் ஒன்று போதும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை இணையத்தில் விற்க, ராஜபாளையத்து இளைஞர் ஒருவர் தளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். பார்ப்பவருக்கு அது ஒரே தளம். உள்ளே மூன்று நிரல்கள்: முகப்புப் பக்கம், ஆர்டர் பதியும் பகுதி, வாடிக்கையாளரின் முகவரியும் போன் நம்பரும் இருக்கும் டேட்டாபேஸ். ஒவ்வொன்றும் தனித்தனிக் கன்டெய்னரில், அதாவது தனக்கென மூடிய சூழலில், ஓடும். அவற்றை இயக்கிப் பராமரிப்பது, கூகுள் 2014இல் வெளியிட்ட குபர்நெட்டிஸ் என்ற திறமூல மென்பொருள். கன்டெய்னர் ஓடும் சிற்றலகை அதில் 'பாட்' என்பார்கள்.

விதி எதுவும் எழுதாதவரை, எந்த பாடும் எந்த பாடோடும் பேசலாம். முகப்பில் ஓர் ஓட்டை கிடைத்தால், புகுந்தவர் டேட்டாபேஸின் வாசல்வரை தடையின்றிப் போய்விடுவார். இதைத் தடுக்கத்தான் நெட்வொர்க் பாலிசி.

அதில் 'மறு' என்று எழுத இடமில்லை; 'அனுமதி' மட்டுமே உண்டு. உள்வரவுக்கான ஒரு பாலிசி ஒரு பாடைச் சுட்டிவிட்டால், அனுமதிப் பட்டியலில் இல்லாத வரவெல்லாம் நின்றுவிடும். பல பாலிசிகள் இருந்தால் அவற்றின் அனுமதிகள் ஒன்றுசேரும். ஆகவே, எல்லா பாடுகளையும் சுட்டி, யாரையும் அனுமதிக்காத பாலிசியை முதலில் எழுத வேண்டும். பிறகு தேவையானதை மட்டும் திறக்கலாம். முகப்புக்கான விதியில் 'யாரிடமிருந்து' என்ற இடத்தைக் காலியாக விட்டால், இணையத்திலிருந்து எவரும் வரலாம். ஆர்டர் பகுதிக்கு முகப்பு மட்டும். டேட்டாபேஸுக்கு ஆர்டர் பகுதி மட்டும். போர்ட் எண்ணை, அதாவது இணைப்பு வந்துசேரும் வாசலின் எண்ணைக் குறிப்பிடும்போது, பாட் கேட்கும் எண்ணையே எழுத வேண்டும். வெளியே 80 என்று தெரிந்தாலும் பாட் 8080இல் கேட்டால், விதியில் 8080தான் வரும்.

பாலிசி அனுமதி தருமே தவிர, பாதை போடாது. வெளியுலகை உள்ளே அழைத்துவர லோட் பேலன்சர், இன்கிரஸ் போன்ற ஒன்று தனியாக வேண்டும். இன்கிரஸை இயக்கும் கன்ட்ரோலர், குபர்நெட்டிஸ் இயங்கும் கணினித் தொகுதியான கிளஸ்டருக்குள்ளேயே ஓடினால், முகப்புக்கு வருபவர் அந்தக் கன்ட்ரோலராகவே தெரிவார். அப்போது அதற்கு மட்டும் அனுமதி தருவது இன்னும் பாதுகாப்பானது.

விதியை நடைமுறைப்படுத்துவது, பாடுகளை இணைக்கும் நெட்வொர்க் பிளக்இன். காலிகோ, சிலியம் போன்றவை அதைச் செய்யும். ஃபிளானல் என்ற பிளக்இன் மட்டும் இருந்தால், பாலிசி பிழையின்றிப் பதிவாகும். ஆனால் எதையும் தடுக்காது. அதனால் முகப்பு பாடிலிருந்து டேட்டாபேஸை அழைத்துப் பார்த்தே ஆக வேண்டும். அந்த அழைப்பு தோற்றால்தான், நம்மை நம்பி முகவரி கொடுத்தவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று சொல்ல முடியும்.